அமாவாசையில் மிதித்த தறி

மரத்துக்கும் இரும்புக்கும் கணக்குப் போடத் தெரிஞ்சா போதும்னு நினைச்சுதான் நீங்க இந்த வேலைக்கு வந்திருப்பீங்க. நானும் அப்படித்தான் வந்தேன். எந்தச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும், போல்ட்டை ஓரத்துலேர்ந்து எவ்வளவு தள்ளிப் போடணும், எல்லாம் எனக்குப் பாலிடெக்னிக்ல நெட்டுரு. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும், தெரியாததை கம்ப்யூட்டர் சொல்லிடும். அதனால நான் கணக்கைப் பத்திப் பேசப் போறதில்ல. ஒரு கட்டடத்தை மூடுன கதையைச் சொல்லப் போறேன். சந்தோஷமான கதை இல்ல. டீ குடிக்கிறவங்க இப்பவே குடிச்சிடுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "நான் டிசைன் பண்ணது ஒண்ணுகூட விழலை"ன்னு மார் தட்டுற இன்ஜினியர் யாராவது வந்தா நம்பாதீங்க. விழாததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதுல பாதி நம்ம புண்ணியம் இல்ல.

எழுபதுகளோட கடைசியில எனக்கு ஆரணிக்கு மாற்றல் வந்துச்சு. ஜூனியர் இன்ஜினியர். சொந்த ஊர் பெரணமல்லூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவங்க நிலத்துல நடவு நட்டு, களை பறிச்சு என்னைப் படிக்க வெச்சவங்க. சர்க்கார் வேலை, கையில ஆர்டர், பொண்டாட்டி, கைக்குழந்தை, இவ்வளவும் இருந்து ஆரணியில வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கல. "எந்த ஊரு சார்?"னு கேட்பாங்க, சொல்வேன். "ஊர்ல எந்தப் பக்கம்?"னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் ஒளிக்காம பதில் சொல்வேன். உடனே, "எங்க மச்சான் வரேன்னு சொல்லிகினு இருந்தாரு சார், ஊடு அவருக்கு ஓணுமாம்"னு கதவைச் சாத்திடுவாங்க. அந்த மச்சானுங்க யாரும் இன்னிவரைக்கும் வந்து சேர்ந்ததா தெரியல.

ஏகாம்பரம் அந்த ரெண்டாவது கேள்வியைக் கேக்கல. பட்டு நெசவாளி. என்னைவிட நாலஞ்சு வயசு மூத்தவர், ஒல்லியா உயரமா இருப்பார். எங்களை நிக்க வெச்சுப் பார்த்துட்டு, "குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு வெச்சிருக்கீங்களா, இல்ல நம்ம அடுப்புலயே காய்ச்சிக்கிறீங்களா?"ன்னார். அவ்வளவுதான் விசாரணை. அவர் சம்சாரம் கன்னியம்மா அன்னிக்கு எங்களுக்கும் சேர்த்து உலை வெச்சாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மறைக்காம சொல்றேன்.

அவங்க கொடுத்தது வீட்டோட பின்கட்டு அறை. அதுலதான் முன்ன ஏகாம்பரத்தோட தறி இருந்துச்சு. நெசவாளர் சங்கம் ஒரு பெரிய கொட்டாயை வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்களோட தறிகளை அங்கே போட்டுக்கச் சொன்னப்ப, இவரும் தறியைக் கழட்டி அங்கே கொண்டு போயிட்டார். வீட்டுல, நெய்யறவர் காலை இறக்கி மிதிக்கறதுக்குன்னு இருந்த தறிக்குழியை மண்ணைக் கொட்டி மூடி, மேல சிமெண்டு பூசி, எங்களுக்கு விட்டார். நாங்க பாய் போட்டுப் படுத்தது அவரோட தறிக்குழி மேல.

இப்ப அந்தக் கொட்டாய். ஒரு காலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை அடுக்குன கிடங்கு அது. நீள ஹால், மேல ஓட்டுக்கூரை. கூரையைத் தாங்கறதுக்கு வரிசையா மர டிரஸ்ஸுங்க, நல்ல தேக்கு. டிரஸ்னா உங்களுக்குத் தெரியும், முக்கோணச் சட்டம். சாய்வான ரெண்டு மரம் விரிஞ்சு ஓடிடாம இருக்க, கீழ குறுக்க ஒரு உத்தரம் இழுத்துப் பிடிச்சுகினு இருக்கும். அந்த நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்காததால ரெண்டு மரத்தை நடுவுல ஒட்டுப் போட்டு, இரும்புப் பட்டை வெச்சு போல்ட் முடுக்கியிருந்தாங்க. கட்டுனவன் கெட்டிக்காரன், அவன் மேல குத்தமில்ல. அவன் கூரைக்குத்தான் கட்டுனான்.

சங்கத்துக்காரங்க தறியைக் கொண்டாந்தாங்க. புட்டா, முந்தானை டிசைன் போட ஒவ்வொரு தறிக்கும் தலைக்கு மேல ஒரு ஜக்கார்டு பொட்டி வேணும். கனமான சாமான். நியாயமா அதுக்குத் தனியா நாலு கால் நடணும். கால் நட்டா இடத்தை அடைக்கும், தறி குறையும். "மேல உத்தரம் சும்மாத்தானே கெடக்குது"ன்னு எவனோ ஒரு புத்திசாலி சொல்லியிருக்கான். உத்தரத்துக்கு உத்தரம் குறுக்குக் கட்டை போட்டு, பொட்டிங்களை எல்லாம் அதுமேல ஏத்திட்டாங்க.

தம்பிங்களா, தங்கச்சிங்களா, நம்ம தொழில்ல "சும்மாத்தானே கெடக்குது"ங்கிற வார்த்தை காதுல விழுந்தா எழுந்து நின்னுடுங்க. கட்டடத்துல எந்தச் சட்டமும் சும்மா கெடக்காது. அது பாட்டுக்கு அது இழுத்துகினு இருக்கும். பார்க்கறவனுக்குத்தான் தெரியாது.

வருஷா வருஷம் எங்க ஆபீஸ்லேர்ந்து யாராவது போய் அந்தக் கொட்டாயைப் பார்த்துட்டு "நல்ல நிலையில் உள்ளது"ன்னு எழுதிட்டு வருவாங்க. போற நாளைச் சங்கத் தலைவர்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அமாவாசை. ஏன்னா அமாவாசைன்னா நெசவாளிங்க தறி மிதிக்க மாட்டாங்க. அன்னிக்கு அவங்களுக்கு லீவு. தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டின பாவு நூலைத் தளர்த்தி வெச்சுட்டு, தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிச்சு, படையல் போட்டு வீட்டோட இருப்பாங்க. கொட்டாய் காலியா இருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல, அதிகாரியும் நிம்மதியா சுத்திப் பார்க்கலாம். தலைவர் சூது பண்ணார்னு சொல்ல மாட்டேன். மரியாதைக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனா தறி ஓடறப்ப அந்தக் கூரையை எங்க ஆபீஸ்காரன் ஒருத்தன்கூடப் பார்த்ததில்ல.

நான் பார்த்தது மழையால. ஆவணி மாசம் ஒரு மத்தியானம் சைக்கிள்ல வரும்போது ஜோன்னு பிடிச்சுகிச்சு. கொட்டாய் பக்கத்துல இருந்துச்சு, ஓடி உள்ள நுழைஞ்சேன். எல்லாத் தறியும் ஓடுது. தடக்கு தடக்குன்னு பொட்டிங்க ஏறி இறங்குது, பேசறது கேக்கல. நிமிர்ந்து பார்த்தா கூரையே தெரியல. ஒவ்வொரு தறிக்கு மேலயும் பழைய புடவையைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தாங்க.

ஏகாம்பரம் காதுகிட்ட போய், "இன்னாண்ணே இது, மேல துணி?"ன்னு கத்தினேன்.

"தூசு வுழுது சார். பட்டுல பட்டா பேஜாரு, கறை ஏறிடும். அதுக்குத்தான்."

"எப்பலேர்ந்து?"

"போன வருசத்துலேர்ந்து. இந்த வருசம் கொஞ்சம் ஜாஸ்தி."

அவர் தறிக்கு மேல இருந்த துணியை ஒரு ஓரம் அவிழ்த்து உதறினேன். பொடிப் பொடியா பழுப்பு நிறத்துல உள்ளங்கையில விழுந்துச்சு. தெருத் தூசு இல்ல, மரத்தூள். சேலையைக் காப்பாத்தணும்னு கட்டுன துணி, தலைக்கு மேல நடக்கறதை மறைச்சுகினு இருந்துச்சு. பட்டு நெய்யறவங்க மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு அது. அவங்களுக்கு நூல் மேலதான் கண்ணு.

ஏணி வாங்கி ஏறினேன். ஏகாம்பரம் தறிக்கு நேர் மேலதான் அந்த உத்தரத்தோட ஒட்டு. அவர் மிதியை அழுத்தறப்பல்லாம் ஒட்டு வாயைத் திறந்து மூடுச்சு. கண்ணு ஏமாத்துதோன்னு பாக்கெட்ல இருந்த பென்சிலை எடுத்து, ஒட்டுக்குக் குறுக்க நேரா ஒரு கோடு இழுத்தேன். தறி ஓடறப்ப கோடு ரெண்டா உடைஞ்சு, ஒரு பாதி நகக்கண் அளவுக்குக் கீழ இறங்குது. நிறுத்தச் சொன்னா சேர்ந்துடுது. மறுபடி ஓடச் சொன்னா மறுபடி உடையுது.

தூள் எங்கேருந்து வருது? ரெண்டு வழி உண்டு. போல்ட்டு உராஞ்சு உராஞ்சு வரலாம். இல்ல, மரம் உள்ளுக்குள்ள பூச்சி அரிச்சு உளுத்துப் போயிருக்கலாம். முதலாவதுன்னா பட்டையை மாத்திட்டுப் போகலாம். ரெண்டாவதுன்னா கூரையே தலையில. எதுன்னு தெரியணும்னா போல்ட்டைக் கழட்டிப் பார்க்கணும். கழட்டணும்னா முட்டுக் கொடுத்து, பொட்டிங்களை இறக்கி, பாவை அறுக்கணும். பாதி நெய்த புடவையோட பாவை அறுக்கறது நெசவாளிக்கு எப்படிப்பட்ட விஷயம்னு ஆரணியில கேட்டுப் பாருங்க. தலைவர்கிட்ட போய்ச் சொன்னேன். "தீபாவளி நேரத்துலயா சார்? ஜனங்க என்னை அறுத்துப் போட்டுடும். மேலதிகாரி இன்னும் நாலு தறி போட பர்மிஷன் தர வராரு. அவரு சொல்லட்டும்"ன்னுட்டார்.

மேலதிகாரி வர்ற நாள் எதுன்னு நினைக்கிறீங்க? அமாவாசை.

நான் அவர்கிட்ட ஆபீஸ்லயே கெஞ்சினேன். "சார், ஒரு நாள் தள்ளி வாங்க சார், தறி ஓடணும்." மனுஷன் கோபக்காரர், ரிட்டையர் ஆகற வயசு. "மறுநாள் வெம்பாக்கத்துல பாலம் பார்க்கணும். அதுக்கு மறுநாள் கலெக்டர் மீட்டிங். உன் கோட்டுக்காக நான் தேதி மாத்த முடியாது"னார்.

முதல் நாள் சாயந்திரம் நான் நெசவாளிங்ககிட்ட நின்னேன். நாளைக்குப் பத்து நிமிஷம் தறி மிதிங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கல. ஒரு பெரியவர் மட்டும், "அமாவாசையில தறி மிதிச்சா குடி விளங்காது சார். உங்களுக்குத் தெரியாது, நீங்க நம்ம தொழில் இல்ல"ன்னார். அவர் சொன்னதுல கொஞ்சம் பக்தி, கொஞ்சம் பயம். ரிப்பேர்னு வந்தா தீபாவளிச் சேலை நின்னு போகும்னு எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் கேட்டார். "நான் மிதிச்சா இன்னா சார் ஆவும்?"

"அதிகாரி கண்ணால பார்ப்பார். ரிப்பேர் பண்ணச் சொல்வார்."

"எத்தினி நாளு ஆவும்?"

"கொஞ்ச நாள்ணே." நான் நம்பித்தான் சொன்னேன்.

கன்னியம்மா உள்ளேருந்து, "வாணாம். ஊரே மிதிக்க மாட்டேன்னுது, இவரு மட்டும் இன்னாத்துக்கு?"ன்னாங்க. "தொங்கறது என் தலைக்கு மேலதானேடி, கம்முனு இரு"ன்னார் அவர். அப்பால என் பக்கம் திரும்பி, "சாரு சும்மா சொல்ல மாட்டாரு"ன்னார். இந்தப் பாராட்டு இருக்கே, எனக்கு அதுக்கப்புறம் எந்த அதிகாரியும் கொடுத்ததில்ல. வாங்கிக்கற தெம்பும் எனக்கு இருந்ததில்ல.

அமாவாசை அன்னிக்கு அதிகாரி ஜீப்புல வந்தார். தலைவர் வீட்டுல இலை போட்டுத் தயாரா இருக்கு. கொட்டாய் நிசப்தமா இருந்துச்சு. அதிகாரி ஏணி ஏறிப் பார்த்தார். என் பென்சில் கோடு ஒரே கோடா, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கு. "எங்கேய்யா உடைஞ்சிருக்கு?"ன்னார். தலைவர் சிரிச்சார்.

அப்ப ஏகாம்பரம் வாசல்ல நின்னவங்களைத் தள்ளிகினு உள்ள வந்தார். குளிச்சு நெத்தியில விபூதியோட இருந்தார். யார் முகத்தையும் பார்க்கல. தறிக்குழியில காலை இறக்கினார், பாவை இழுத்துக் கட்டினார், மிதிச்சார். அவ்வளவு பெரிய ஹால்ல ஒத்தைத் தறி சத்தம். வெளியே ஒரு பொம்பளை "ஐயோ ஐயோ"ன்னு வாயில அடிச்சுகிட்டா. ஏணி மேல நின்ன அதிகாரி கண்ணெதிர்லயே என் கோடு ரெண்டா உடைஞ்சு கீழ இறங்குச்சு. அப்பால, "போதும், நிறுத்து"ன்னார்.

இறங்கி வந்து என்னைத் தனியா கூப்பிடல. எல்லார் எதிரிலயும் கேட்டார். "உள்ள மரம் உளுத்துப் போயிருக்குன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

"முடியாது சார்."

"நல்லா இருக்குன்னு?"

"அதுவும் முடியாது சார்."

"தீபாவளி வரைக்கும் தாங்குமா?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா என்ன எழுதுவே?"

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். வாசல்ல அத்தனை பேர் நிக்கறாங்க. எல்லார் வீட்டுலயும் குழந்தைங்க. தாங்கும்னு எழுதலாம், பெரும்பாலும் தாங்கியும் இருக்கும். ஆனா "பெரும்பாலும்"ங்கிறதுக்குக் கீழ உட்கார்ந்து நெய்யப் போறது நான் இல்ல. தெரியாதுங்கிறதும் ஒரு பதில்தான். அந்தப் பதிலுக்குக் கீழ ஆளுங்களை உட்கார வெக்கக்கூடாது. "மூடணும்னு எழுதுவேன் சார்"னேன். "எழுது. கையெழுத்து நான் போடறேன்"னார். சாப்பிடாமலே ஜீப்புல ஏறிப் போயிட்டார். ஏகாம்பரம் இன்னும் தறிக்குழியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் காதுல எல்லாம் விழுந்துச்சு. என்னைப் பார்த்து, "கொஞ்ச நாள்னீங்களே சார்"னார். அதட்டல, கேட்டார், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாவது ஒண்ணாவது! பொட்டிங்களைத் தாங்க, கூரையைத் தொடாத மாதிரி தனியா ஒரு இரும்புச் சட்டம் வரைஞ்சேன். நான் முதல் முதலா முழுசா டிசைன் பண்ணது அதுதான். இப்பவும் அதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அந்தக் காலத்துல ஆங்கிள் இரும்பு கடையில கேட்டவுடனே கிடைக்காது, பர்மிட் வேணும். பர்மிட் மெட்ராசுக்கும் வேலூருக்கும் நடந்துகினு இருந்துச்சு. அதுக்குள்ள கிடங்குச் சொந்தக்காரர், கூரையைக் கெடுத்துட்டாங்கன்னு சங்கத்து மேல கேஸ் போட்டார். எல்லாரும் பாவை அறுத்துகினு, தறியைத் தூக்கிகினு வீட்டுக்குப் போனாங்க. தீபாவளிச் சேலை போச்சு.

மத்தவங்களுக்கு வீட்டுல இடம் இருந்துச்சு. ஏகாம்பரம் வீட்டுத் தறிக்குழி மேல நான் குடியிருந்தேன்.

மறு வாரமே காலி பண்ணிட்டேன். ஆரணியில வேற வீடு யாரு தருவா? குடும்பத்தைப் பெரணமல்லூர்ல விட்டுட்டு பஸ்ல வந்து போனேன். ஏகாம்பரம் சிமெண்டை உடைச்சுக் குழி தோண்டித் தறியைப் போட்டார். போட்டு என்ன? பாவு கொடுத்து நெய்யச் சொல்ல ஆள் இல்ல. சங்கத்துலயும் தரல, வெளி முதலாளிங்களும் தரல. "அமாவாசையில மிதிச்சவன் கைக்குப் பாவு கொடுத்தா எங்க தொழிலும் மூடிக்கும்"னு மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. முள்ளிப்பட்டு வரைக்கும் நடந்து போய்க் கேட்டார். அவர் பேரு அவருக்கு முன்னாலயே அங்க போய்ச் சேர்ந்திருந்துச்சு. "கண்டவங்களை ஊட்ல வெச்சா இப்படித்தான்"னு தெருவுல பேசிகினதும் என் காதுக்கு வந்துச்சு.

அந்த ஐப்பசி, கார்த்திகையில பேய் மழை. கொட்டாய் நிக்குது. அடுத்த வருஷமும் நிக்குது. கடைத்தெருவுல, "இன்னா சார், உங்க கொட்டாய் இன்னும் வுழலியா?"ன்னு கேட்டுச் சிரிப்பாங்க. பஸ்ஸுல போறப்ப ஜன்னல் வழியா அந்தக் கூரையைப் பார்ப்பேன். விழுந்து தொலையேன்னு மனசுக்குள்ள திட்டுவேன். ஒரு இன்ஜினியர் ஒரு கட்டடம் விழணும்னு சாமி கும்பிட்டான், அந்தப் பாவி நான்தான். காலியாத்தானே இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது, ஒரு டிரஸ் விழட்டுமே, ஏகாம்பரத்தை ஊர்க்காரங்க திரும்பிப் பார்ப்பாங்களேன்னு. விழல. பாரம் இறங்குன கூரை ஏன் விழப் போகுது? எனக்கே தெரியும். தெரிஞ்சும் வேண்டிகிட்டேன்.

கடைசியில அவங்க தறியை வித்துட்டு பெங்களூருக்குப் போனாங்க, பவர்லூம் வேலைக்கு. பஸ் ஏத்தி விடப் போனேன். ஏகாம்பரம் எப்பவும் போல பேசினார். கன்னியம்மா மட்டும், "சார், நீங்க நல்லவருதான். இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க வந்தப்பலேர்ந்து எங்களுக்கு நல்லது ஒண்ணும் நடக்கல"ன்னாங்க. அதோட முகத்தைத் திருப்பிகிட்டாங்க.

எண்பதுகளோட நடுவுல கேஸ் முடிஞ்சு, சொந்தக்காரர் கிடங்கை வித்தார். வாங்குனவர் கூரையைப் பிரிக்கறார்னு கேள்விப்பட்டு லீவு போட்டுட்டு ஓடினேன். அந்த உத்தரத்தைக் கீழ இறக்கிப் போட்டிருந்தாங்க. ஒட்டைக் கழட்டியாச்சு. மர வியாபாரி வாயெல்லாம் பல்லா நின்னார். "தேக்குன்னா இதான் சார் தேக்கு. எத்தினி கதவு வரும் பாருங்க"ன்னார். நான் குனிஞ்சு பேனாக்கத்தியால குத்திப் பார்த்தேன். ஒட்டுப் பக்கம், சுவத்துக்குள்ள இருந்த பக்கம், நடுவுல, எங்கயும் கத்தி இறங்கல. உளுப்பு இல்ல, பூச்சி இல்ல. போல்ட்டு ஓட்டைங்க மட்டும் தேஞ்சு கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்துச்சு. தூள் அங்கேருந்துதான் வந்திருக்கு. பட்டையும் போல்ட்டும் மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்.

அங்கேயே செங்கல் குவியல் மேல உட்கார்ந்துட்டேன்.

உங்கள்ல யாராவது, அப்ப நீங்க மூடச் சொன்னது தப்புதானேன்னு கேட்பீங்க. இல்ல. அன்னிக்கு அந்தப் போல்ட்டைக் கழட்ட யாரும் விடல. கழட்டாத ஒட்டுக்குள்ள என்ன இருக்குன்னு சாமிக்குத்தான் தெரியும். தேஞ்ச ஓட்டையோட அந்த ஒட்டு எவ்வளவு நாள் பிடிச்சிருக்கும்னும் யாருக்கும் தெரியாது. இன்னிக்கு அதே ஏணியில என்னை ஏத்தி நிறுத்துனாலும் அதையேதான் எழுதுவேன். ஆனா சரியா எழுதினா எல்லாம் சரியாப் போயிடும்னு உங்களுக்கு எவனாவது சொல்லிக் கொடுத்திருந்தா, அதை இன்னியோட மறந்துடுங்க. நாம எழுதற ஒரு வரிக்கு வேற எவனோ விலை கொடுக்கறான். அவன் யாருன்னாவது தெரிஞ்சு வெச்சுக்குங்க.

மறு வாரம் பெங்களூருக்குப் போனேன். அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும்னுதான் போனேன். ஒட்டு இப்படி இருந்துச்சு, ஓட்டை இப்படித் தேஞ்சிருந்துச்சு, ஆனா மரம் நல்ல மரம்ணே, அன்னிக்கு நமக்குத் தெரிய வழியில்லைன்னு பஸ்ஸுல வழியெல்லாம் வார்த்தை கோத்துகினு போனேன்.

ஒரு அறை வீடு. பக்கத்துச் சுவருக்கு அந்தாண்ட பவர்லூம் ஓடுது, தரையே அதிருது. ஏகாம்பரத்துக்குத் தலை நரைச்சுப் போயிருந்துச்சு. வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துல நின்னு காதும் முக்கால்வாசி போயிடுச்சு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துச்சே, அதை நான் எப்படிச் சொல்ல! கையைப் பிடிச்சு உட்கார வெச்சார். கன்னியம்மா அடுப்பு முன்னால இருந்தாங்க, திரும்பல.

"கொட்டாயைப் பிரிச்சாங்களாமே சார்? போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்ணே."

"இன்னா?"

"பார்த்தேன்!"

அவர் கிட்ட வந்து என் வாயையே பார்த்தார். "உள்ள உளுத்துப் போய்த்தானே சார் இருந்துச்சி?"

கன்னியம்மா திரும்பி, கரண்டியைக் கையில வெச்சுகினு என்னைப் பார்த்தாங்க.

மரம் விஷயத்துல நான் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பொய் சொன்னதில்ல. "ஆமாண்ணே"ன்னேன்.

அவருக்குக் கேக்கல. "இன்னா சார்?"

அதைக் கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கற மாதிரி கத்தினேன். "உளுத்துப் போயிருந்துச்சுண்ணே! உள்ள ஒண்ணுமே இல்ல! வெறும் தூளு!"

ஏகாம்பரம் தொடையில ஓங்கி ஒரு அடி அடிச்சுகிட்டார். "நான் சொன்னேன் இல்ல! கேட்டியாடி? எத்தினி பேரு தலை தப்பிச்சிது பாரு!" சிரிக்கறார், கண்ணுல தண்ணி வழியுது.

கன்னியம்மாவுக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் சொன்னதை அவங்க கேட்டுகினு இருந்த மாதிரி தெரியல, என் முகத்தையே பார்த்துகினு இருந்தாங்க. அப்பால தட்டு ஒண்ணை எடுத்துக் கழுவி என் எதிர்ல வெச்சு, "சாப்பிட்டுட்டுப் போங்க சார்"னாங்க.